சிவப்பு மையில் நாலு வரி

அத்தியாயம் 9

பெரிசாத்துக்கு அச்செழுத்து வரும். விரல் வைத்து, கூட்டிக் கூட்டி, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு எப்படியோ வந்துவிடும். கையெழுத்து மட்டும் வராது.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில், வாய்க்கால் பாலத்தில் டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். எட்டாம் வகுப்பு ஆசிரியர் சாபிர் அகாய் சிவப்பு மையில் நாலு வரி எழுதியிருந்தார். பிரித்துப் போட்ட வேலிக் கம்பி மாதிரி ஒவ்வொரு எழுத்தும் அடுத்ததோடு பின்னிக்கொண்டு கிடந்தது. கீழே ஒரு கோடு. அதில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். நாளைக் காலைக்குள்.

என்ன எழுதியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் என்ன எழுதியிருக்கலாம் என்று தெரியும்.

காலையில் நடைக்கூடத்தில் அவள் வகுப்புப் பெண் காலிமா சொன்னாள்: "மாவட்டத்துலேர்ந்து கமிஷன் வருதாம்டி. படிக்க வராதவங்கள உக்கார வச்சு பார்ப்பாங்களாம். தேறலைன்னா நகரத்துல இருக்கே, அந்தச் சிறப்புப் பள்ளி ஹாஸ்டல், அங்க அனுப்பிடுவாங்களாம். ஏழாம் வகுப்புல ஒருத்தன் போனான்ல, அவன் திரும்பி வரவே இல்ல."

"ஏன் வரல?"

"அங்கயே தச்சு வேலை கத்துக்கிட்டு இருந்துட்டானாம். மூளை சரியில்லன்னு சீட்டுல எழுதிட்டா அப்புறம் யாரு மாத்துவா?"

பெரிசாத்தின் மூளையில் கோளாறு எதுவும் இல்லை. அவளுக்கு ஆறு வயதானபோது அப்பாவும் அம்மாவும் வேலைக்காக ரஷ்யாவுக்குப் போனார்கள், அவளும் போனாள். அங்கே காகிதம் சரியில்லாததால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. அடுத்த வருஷம் தம்பி எர்லான் பிறந்தான். அம்மா மாடிப்படி துடைக்கப் போவாள், அப்பா கட்டட வேலைக்குப் போவார், பூட்டிய அறைக்குள் தம்பியை வைத்துக்கொண்டு இவள் இருப்பாள். அப்பாவை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நாரின் மலைப் பக்கத்துச் சொந்த ஊருக்குத் திரும்பியபோது அவளுக்குப் பதினொரு வயது. வயதைப் பார்த்து ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். முதல் நாலு வகுப்பை எங்கே விட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று வருஷம் சமாளித்தாள். பக்கத்துப் பெண் படிப்பதைக் காதால் பிடித்து, அப்படியே திருப்பிச் சொல்வாள். பலகையில் இருப்பதைக் கோலம் மாதிரி பார்த்து வரைவாள்.

பிப்ரவரியில்தான், ஒரு நாள் சாருக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொள்ள வந்த ஒன்றாம் வகுப்பு ஆசிரியை சோனுன் எஜேயிடம் மாட்டினாள். ஆசிரியரை அகாய், ஆசிரியையை எஜே என்று கூப்பிடுவது ஊர் வழக்கம். பெரிசாத் 'படித்த' பக்கம் வேறு, கையில் திறந்திருந்த பக்கம் வேறு. எஜே திட்டவில்லை. "சாயந்தரம் நாலு மணிக்கு என் வகுப்புக்கு வா. நீ மட்டும் இல்ல, இன்னும் ஆறு பேர் இருக்காங்க," என்றாள்.

ஏழு பேர். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பது வரை. ஒருவனுக்கு மீசைகூட அரும்பிவிட்டது. ஒன்றாம் வகுப்பின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருப்பார்கள். ஒரே பத்தியை நாலு தடவை: முதலில் எஜே படிப்பாள், பிறகு எல்லோரும் சேர்ந்து, பிறகு இரண்டிரண்டு பேராக, கடைசியில் தனியாக. மற்ற ஆசிரியர்கள் கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணி, சுவரில் பட்டியல் ஒட்டுவார்கள். சோனுன் எஜே கடிகாரத்தை மேஜைக்குள் போட்டுவிடுவாள். "பஸ்ஸா பிடிக்கப் போறோம்? மெதுவா வா. ஆனா ஒரு சொல்லையும் தாண்டிக் குதிக்காத."

வீட்டில் இது யாருக்கும் தெரியாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் சாயந்தரம் தங்குகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

இன்று எஜேயிடம் டைரியைக் காட்டலாம் என்றால், அவள் கமிஷன் வேலையாக நகரத்துக்குப் போய்விட்டாள்.

தண்ணீரில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். டைரி போனால் வேறு டைரி வரும், அதிலும் அதே நாலு வரி வரும். மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

*

வீட்டில் அம்மா சாகின் முழங்கை வரை மாவில் இருந்தாள். மறுநாள் பக்கத்து வீட்டு விருந்துக்கு ஒரு மூட்டை போர்சோக், அதாவது மாவுத் துண்டுகள், பொரித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். எர்லான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய்ப் புட்டியில் இருந்ததைக் கத்திப் படித்துக்கொண்டிருந்தான். ஒன்றாம் வகுப்பு. கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிற வயது.

"சூ… ரிய… காந்தி! சூரியகாந்தி எண்ணெய்! குளிர்ந்த… இட… த்தில்…"

"போதும்டா, எண்ணெய்க்குக் காது வலிக்கும்," என்றாள் அம்மா. பெரிசாத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு உன் சாயந்தர வகுப்பு இல்லயா?"

"எஜே ஊர்ல இல்ல."

"டைரிய எடு. செவ்வாய்க்கிழமைதான மார்க் போடுவாங்க?"

பெரிசாத் பையைத் திறப்பதற்குள் எர்லான் எடுத்து விரித்துவிட்டான். "அம்மா, சிவப்பு! சிவப்புல எழுதியிருக்கு!"

அம்மாவின் கை மாவில் நின்றது. "என்னடி அது? படி."

பெரிசாத் டைரியை வாங்கினாள். கண்ணை முதல் வரியில் வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்தினாள். அது மட்டும் அவளுக்கு நன்றாக வரும்.

"நான் சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன்ல… அதுக்கு நன்றின்னு எழுதியிருக்கார்மா. நீங்க கையெழுத்துப் போடணுமாம்."

"நன்றியா? சாபிரா எழுதினான்?" அம்மாவின் முகம் மலர்ந்தது. "உங்கண்ணன் எர்மெக்குக்குப் பத்து வருஷமா சிவப்பு மைன்னா புகார்தான். ஒரு தடவ ஜன்னல் கண்ணாடி, ஒரு தடவ வாத்தியாரோட குதிரை. உனக்கு நன்றி. அங்க வை. இந்த மாவ முடிச்சுட்டு, கை கழுவி, கண்ணாடி போட்டுக்கிட்டு நானே ஒரு தடவ படிச்சுட்டுப் போடறேன்."

நானே படிக்கிறேன்.

அம்மா நன்றாகப் படிப்பாள். கையெழுத்தும் படிப்பாள். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம்.

"மாட்டுக்கு வைக்கோல் போட்டுட்டு வர்றேன்," என்றாள் பெரிசாத். டைரியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டதை எர்லான் மட்டும் பார்த்தான். வாசல் வரை கூடவே வந்தான்.

அவன் முன்னால் டைரியை விரித்தாள். "இத உன்னால படிக்க முடியுமா, பார்ப்போம்."

எர்லான் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "இது டாக்டர் எழுதினது," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

*

மாட்டுக் கொட்டிலில் அண்ணி ஜிபார் சாணம் வாரிக்கொண்டிருந்தாள். தலைத்துணியைப் பின்னால் இறுக்கிக் கட்டியிருந்தாள். தலாஸ் பக்கத்துப் பெண். இலையுதிர் காலத்தில்தான் எர்மெக் அவளைக் கட்டிக்கொண்டு வந்தான். அவன் பிஷ்கெக்கில் வேன் ஓட்டுகிறான், சனிக்கிழமை வருவான். மற்ற ஆறு நாளும் ஜிபார் மாமியாரோடு இருந்தாள்.

"என்ன குருவி, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் ஜிபார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பெரிசாத்தைக் குருவி என்றுதான் கூப்பிடுகிறாள். எர்லான் சின்ன ராசா.

வழியிலேயே ஒரு தந்திரம் யோசித்து வைத்திருந்தாள். சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டாள். "அண்ணி, எங்க சாரோட கையெழுத்தப் பாருங்களேன். கோழி கிளறின மாதிரி இருக்கு. உங்களால படிக்க முடியுதா?"

ஜிபார் கையைத் துடைத்துக்கொண்டு டைரியை வாங்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வாயைத் திறந்தாள்.

நின்றுவிட்டாள்.

வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். "ம்… 'அவர்களுக்கு'," என்றாள். அடுத்த வரிக்குப் போனாள். திரும்பவும் நின்றாள். உதட்டைக் கடித்தாள். "இது… இது வந்து…" கண் கீழே கடைசி வரை ஓடியது. அங்கேயும் ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நின்றது.

பெரிசாத் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரியும். போன வாரம் கல்யாணப் பத்திரிகை வந்தபோதும் அண்ணி இப்படித்தான். நாலு சொல் படிப்பாள், நிற்பாள், விழிப்பாள். கடைசியில், "சின்ன ராசா, நீ படிச்சுக் காட்டு பார்ப்போம்," என்று எர்லானிடம் தள்ளிவிட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம்.

அண்ணியும் என்னைப் போலத்தான். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "உங்களுக்கும் வராதா?"

"என்ன வராதா?"

"படிக்க." அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. "எனக்கும் வராது அண்ணி. யார்கிட்டயும் சொல்லாதீங்க. அச்செழுத்து கொஞ்சம் வரும், இது சுத்தமா வராது. நான் சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கல, எனக்குத்தான் சொல்லித் தர்றாங்க. அம்மாகிட்ட நன்றின்னு பொய் சொல்லிட்டேன். இதுல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது."

ஜிபார் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாட்டின் மேல் சாய்ந்துகொண்டு, வாயில் தலைத்துணியை வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். மாடு திரும்பிப் பார்த்தது.

"அடி குருவி. எனக்கா படிக்க வராது? ரெண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில இருந்தவ நான். இங்க பாரு, முதல் சொல்லு என்ன? உங்கம்மா பேரு. ரெண்டாவது வரியில உங்கப்பா பேரு. கடைசியில உங்க சார் பேரு, அவர் உங்கப்பாவுக்குப் பெரியப்பா மகன். மூணு பேரும் எனக்குப் பெரியவங்க. மருமக அவங்க பேர வாயால சொல்லலாமா? அத்தை காதுல விழுந்தா அவ்வளவுதான்."

"கூப்பிடக் கூடாதுன்னு தெரியும். காகிதத்துல இருந்தாக்கூடவா?"

"காகிதத்துல இருந்தா மட்டும் அது வேற பேரா? பத்திரிகையிலயும் பாதி உங்க ஆளுங்க பேருதான். அதான் சின்ன ராசாகிட்ட குடுத்தேன்." ஜிபார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் பெரிசாத்தின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். அங்கே சிரிப்பு எதுவும் இல்லை. வெளுத்துப்போயிருந்தது.

ஜிபார் சிரிப்பை நிறுத்தினாள்.

"நீ சொன்னது நிஜமா?"

பெரிசாத் தலையசைத்தாள். இனிமேல் திருப்பி வாங்க முடியாத சொல். சொல்லியாகிவிட்டது, அதுவும் தப்பான ஆளிடம்.

ஜிபார் டைரியைத் திரும்ப எடுத்தாள். இந்த முறை தடங்கலில்லாமல், பெயர்களை மட்டும் விழுங்கிவிட்டு, தாழ்ந்த குரலில் படித்தாள்.

"இன்னார் அவர்களுக்கு. இன்னார் மகள் குருவியின் வாசிப்பு இரண்டாம் வகுப்பு அளவில் உள்ளது. வியாழன் காலை பத்து மணிக்கு மாவட்டக் கமிஷன் முன் பெற்றோர் வர வேண்டும். மாணவியைச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவதா, மாலை வகுப்போடு இங்கேயே வைத்துக்கொள்வதா என்பதற்குத் தாய், தந்தை இருவர் சம்மதமும் தேவை."

காலிமா சொன்னது பொய்யில்லை.

"உங்கம்மா இன்னும் அரை மணி நேரத்துல இதப் படிக்கப் போறாங்க," என்றாள் ஜிபார்.

"கிழிச்சிடவா?"

"கிழிச்சா வியாழக்கிழமை பெத்தவங்க இல்லாமயே முடிவு பண்ணுவாங்க."

"நீங்க போய்ச் சொல்லுங்க அண்ணி. நீங்க சொன்னா பதமா இருக்கும்."

"நானா? முதல் சொல்லையே என்னால அத்தை முன்னாடி சொல்ல முடியாது." கொஞ்சம் யோசித்தாள். "இதுல உனக்குப் படிக்க வராதுன்னு எழுதியிருக்கு. இத நீயே அவங்க முன்னாடி படி. திக்கித் திக்கி வந்தாலும் பரவாயில்ல."

"கையெழுத்து எனக்கு வராதுங்கறேன்."

ஜிபார் சுவரில் தொங்கிய தீவனச் சாக்கின் சீட்டைக் கிழித்தாள். காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நாலு வரியையும் பெரிய அச்செழுத்தில், சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதினாள். பெயர்களையும் எழுதினாள். எழுதுவதற்குத் தடையில்லை போலிருக்கிறது.

பெரிசாத் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து விரல் வைத்தாள். முதல் தடவை 'கமிஷன்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டாள். இரண்டாவது தடவை 'சம்மதமும்' சரியாக வந்தது. மூன்றாவது தடவை தொடங்கும்போது வீட்டிலிருந்து குரல் வந்தது.

"பெரிசாத்! டைரிய எங்கடி வச்ச?"

*

அம்மா மணைக்கு முன்னால் மண்டியிட்டு, மாவைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"அம்மா, நான் படிக்கறேன்."

"அதான் படிச்சியே."

"அது படிச்சதில்ல. சும்மா சொன்னது." சீட்டை டைரியின் மேல் வைத்தாள். விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். "சா… கின். அவர்… களுக்கு. துருஸ்… பெக். மகள். பெரி… சாத்தின்."

கத்தி நின்றது.

"வா… சிப்பு. இரண்… டாம். வகுப்பு. அள… வில். உள்… ளது."

எர்லான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா மாவுக் கையால் அவன் வாயைப் பொத்தினாள். அப்படியே வைத்திருந்தாள். எண்ணெய் புகைய ஆரம்பித்தது, யாரும் இறக்கவில்லை. நாலு வரிக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம் ஆயிற்று. ஒரு சொல்லையும் பெரிசாத் தாண்டிக் குதிக்கவில்லை.

முடிந்ததும் அம்மா எழுந்து வாணலியை இறக்கினாள். மாவு ஒட்டிய வாயை எர்லான் நக்கிக்கொண்டிருந்தான்.

"சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன்னது?"

"அங்க நான்தாம்மா சின்னப் பிள்ளை."

"தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"தெரியும்."

அம்மா கையைத் தொட்டியில் முக்கி, ஒவ்வொரு விரலாக மாவை உரித்தாள். வெகுநேரம் உரித்தாள்.

"அந்த ஊர்ல உன் மடியில தம்பிய வச்சுட்டு நான்தான் வெளிய பூட்டிட்டுப் போனேன். நாலு வருஷம்," என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. மளிகைக் கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். "வியாழக்கிழமை நான் வர்றேன். கமிஷன் என்ன கேக்குதோ நான் சொல்றேன். மூளை சரியில்லன்னு எவனாவது எழுதப் பேனாவ எடுத்தா, அந்தப் பேனாவ நான் பிடுங்குவேன். நீ எங்கயும் போகல."

பெரிசாத் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

அம்மா ஈரக் கையால் கண்ணாடியை மாட்டி, டைரியை இழுத்து, கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டாள். "தாய் தந்தை ரெண்டு பேர் சம்மதமும் வேணுமாம். போன்ல கேட்டுக்கலாம். எப்படியும் உங்கப்பாதான் மே மாசம்…"

பாதியில் நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

அப்பா எப்போதும் எழுதாமல், போனில் குரலைப் பதிந்துதான் அனுப்புவார். எழுதி அனுப்பியது ஒரே ஒரு தடவை, ஜனவரியில், பெரிசாத்தின் போனுக்கு. அன்று அம்மா பால் கறந்துகொண்டிருந்தாள். அப்பா என்ன எழுதியிருக்கார் என்று கொட்டிலிலிருந்தே கேட்டாள். தன் பெயரைத் தவிர பெரிசாத்துக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் தெரிந்தது. நாள்காட்டியில் பார்த்துப் பழகிய சொல்: மே. மே மாசம் வர்றாராம் என்று கத்திச் சொல்லிவிட்டாள். வேறு என்னவாக இருக்கப் போகிறது? அன்றிலிருந்து அம்மா இரண்டு அறைக்கு வெள்ளையடித்துவிட்டாள். ஒரு கிடாயை விற்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

"அதையும் நீதான படிச்ச?" என்றாள் அம்மா.

பெரிசாத் தலை குனிந்தாள்.

"அது இன்னும் போன்ல இருக்கா?"

"இருக்கு."

"அது அச்செழுத்துதான?"

"ம்."

"எடு. படி."

தண்ணீர் வாளியோடு உள்ளே வந்த ஜிபார் வாசலிலேயே நின்றுவிட்டாள். பெரிசாத் போனைத் தேடி எடுத்தாள். ஜனவரிக்குப் போனாள். மூன்று மாதமாக அந்தப் பக்கமே அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடித் திரையில் விரலை வைத்தால் எழுத்து ஓடிவிடும் என்று நகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"பெரி… சாத். நான். மே. மாசம்."

அம்மாவின் தோள் சற்று இறங்கியது.

"வ… ர… லை."

பெரிசாத் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. வாய் சொல்லி முடித்த பிறகுதான் காதுக்கே புரியும்.

"அம்மா… கிட்ட. இப்போ. சொல்… லா… தே."

சொல்லி முடித்துவிட்டாள். இப்போதுதான் அவளும் கேட்டாள்.

ஜிபார் வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

"இன்னும் ஒரு வரி இருக்கு."

அம்மா அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். கண்ணாடி கையில்தான் இருந்தது. மாட்டிக்கொள்ளவில்லை.

"மெதுவாவே படி," என்றாள். "நான் இருக்கேன்."